மெட்டுப் பாதைகள் – 9: தலைச்சுமை

சென்ற அத்தியாயத்தில், 1877-ல் பூஞ்ஞார் அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்த கதையைப் பார்த்தோம். அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பத்திரம் எழுதி முடித்த பிறகு அந்த மலைக்கு முதல் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து ஏறியவர் யார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. இந்த அத்தியாயம் அவரைப் பற்றியது. அவருக்குப் பின்னால் அதே வழியில் ஏறிய மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தியைப் பற்றியது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே பார்த்தால் மலை ஒரே ஏற்றமாக எழுந்து நிற்கும். அதன் உச்சி விளிம்புதான் மாநில எல்லை. விளிம்பின் அந்தப் பக்கம் பள்ளம் கிடையாது. மேடும் சோலையுமாக இடுக்கியின் ஏலக்காடு விரிந்து கிடக்கிறது. கீழிருந்து அந்த விளிம்பைத் தொட வழிவிடுகிற இடங்களை இங்கே மெட்டு என்கிறார்கள். போடிமெட்டு, தேவாரம் மெட்டு, சாக்குலூத்து மெட்டு, ராமக்கல்மெட்டு, கம்பம்மெட்டு என்று வரிசையாகத் தெற்கே வந்தால் குமுளி. வடக்கே பாலக்காட்டில் கதை வேறு. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று சமவெளியிலேயே எல்லை கடக்கலாம்.

ஏற்றமானாலும் சமவெளியானாலும் இரண்டு இடத்திலும் இருநூறு ஆண்டுகளாக நடப்பது ஒன்றுதான். இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. அந்த வித்தியாசத்தால் லாபம் பார்ப்பவர் தன் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். எல்லையைத் தாண்டுகிறவர் வேறு ஒருவர். பிடிபட்டால் மாட்டுகிறவரும், வழுக்கினால் விழுகிறவரும் அவர்தான்.

பாலக்காட்டிலிருந்து தொடங்குவோம்.

1807-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மலபாரில் புகையிலை வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கியது. புகையிலை விளைவது கோயம்புத்தூர்ப் பக்கம். வெற்றிலையோடு அதை மென்று தீர்ப்பது மலபார். கோயம்புத்தூர் விவசாயி கம்பெனி சொன்ன விலைக்குக் கம்பெனிக்குத்தான் விற்க வேண்டும். மலபார்க்காரர் கம்பெனி சொன்ன விலைக்குக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். இரண்டு விலைக்கும் நடுவே பல மடங்கு இடைவெளி. அந்த இடைவெளி பாலக்காட்டுக் கணவாயைக் கள்ளப் புகையிலையின் ராஜபாட்டையாக்கிவிட்டது. கும்பல் கும்பலாக, ஆயுதத்தோடுகூட, இரவில் கட்டுகளைக் கடத்தினார்கள்.

இந்த ஏற்பாட்டில் உண்மையாகக் கொழுத்தவர்கள் யார் என்பது 1816-ல் வெளிவந்தது. கோயம்புத்தூர்க் கஜானாவில் அதிகாரத்தில் இருந்த காசிச் செட்டி, கலெக்டர் வில்லியம் காரோவின் நிழலில் புகையிலை வியாபாரத்தையே தன் கைக்குள் வைத்திருந்தார். விசாரிக்க வந்தவர்கள் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும். உதகமண்டலத்தை உருவாக்கியவர் என்று நாம் படிக்கிற அதே சல்லிவன்தான். ஊழல் அம்பலமானது, கலெக்டர் பதவி இழந்தார். ஏகபோகம் மட்டும் அசையவில்லை. 1853 வரை நீடித்தது. அந்த 46 ஆண்டுகளில் கணவாயில் அடிபட்டவர்களும் சிறைபோனவர்களும் யாரென்று தேடினால் ‘கடத்தல்காரர்’ என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கிறது. காசிச் செட்டிக்கு வரலாற்றில் பெயர் இருக்கிறது. அவர் காலத்தில் புகையிலைக் கட்டைச் சுமந்தவனுக்கு இல்லை.

திருவிதாங்கூரிலும் புகையிலை அரசாங்கச் சொத்தாகவே இருந்தது. அதைக் கைவிட 1863-ல் திவான் மாதவராவ் வரவேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1865-ல், பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் சுங்க உடன்படிக்கை செய்துகொண்டன. பெரும்பாலான சரக்குகளுக்கு எல்லையில் வரி நின்றது. ஏலக்காய்க்கோ கட்டு அவிழவில்லை.

இடுக்கியின் ஏலக்காட்டில் பாடுபட்டவர்களில் பெரும்பங்கினர் கிழக்கே மதுரைச் சீமையைச் சேர்ந்தவர்கள். போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் ஊர்க்காரர்கள். பருவத்துக்கு மலை ஏறி, பெரிய மரங்களின் நிழலை விட்டுவைத்து, கீழே புதரை வெட்டி ஏலம் வளர்த்து, காய் எடுத்து, உலர்த்தி இறங்குவார்கள். ஆனால் விளைந்த காய் முழுவதும் திருவிதாங்கூர் அரசாங்கத்துக்குச் சொந்தம். அதை அரசு ஆலப்புழைக்குக் கொண்டுபோய் விற்று, பயிர் செய்தவருக்கு ஒரு பங்கைக் கொடுக்கும். நாம் சென்ற வாரம் பார்த்த மன்றோ, கண்ணன் தேவன் மலைக்கு வருமுன் இந்த ஏலமலையின் கண்காணிப்பாளராக இருந்தவர்.

தான் நட்டு, தான் களை எடுத்து, அட்டைக்கடியில் தான் பறித்த காயைத் தன் ஊருக்குக் கொண்டுபோனால் அது திருட்டு. மெட்டுகளில் சவுக்கை போட்டுக் காவல்காரர்கள் நின்றார்கள். பகலில் ஏறிய தடத்திலேயே இரவில் காவலுக்குத் தப்பி இறங்கியது ஏலக்காய். மடியில் கட்டினால் கொஞ்சம் போகும், தலையில் வைத்தால் ஒரு மூட்டை போகும். வாசனை காட்டிக்கொடுக்கும் சரக்கு என்பதால் நடக்கவும் நேரம் பார்க்க வேண்டும், காற்று அடிக்கும் பக்கமும் பார்க்க வேண்டும். 1896-ல் அரசு ஏகபோகத்தை விட்டு நிலவரிக்கு மாறியது. அன்று வரை குற்றமாக இருந்தது மறுநாள் வியாபாரம் ஆனது. மூட்டை அதே மூட்டை, வழி அதே வழி, கழுத்து நரம்பும் அதேதான். மாறியது கீழே யாரோ எழுதிய விதி. இந்தத் தொடரில் இன்னும் பலமுறை இது நடக்கும்.

அதற்குள் வடக்கே, கண்ணன் தேவன் மலையில், தேயிலை வந்துவிட்டது. 1897-ல் கம்பெனி அமைந்தது. ஆள் வேண்டும், ஆளுக்கு அரிசி வேண்டும், தேயிலைப் பெட்டி கடலுக்குப் போக வேண்டும். மூன்றுக்கும் வழி கிழக்கேதான் இருந்தது. போடியிலிருந்து கொட்டகுடி, குரங்கணி வழியாக ஏறினால் டாப் ஸ்டேஷன். கங்காணி முன்பணம் கொடுத்துத் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அந்த ஏற்றத்தில் நடத்திக் கூட்டிவந்தார். மலைக்காய்ச்சல் யாரையும் விட்டுவைக்கவில்லை. பிறகு டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே பாட்டம் ஸ்டேஷனுக்குக் கம்பிவடப் பாதை போட்டார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-ல் ஒற்றைத் தண்டவாளமும், 1908-ல் குண்டளைப் பள்ளத்தாக்குச் சிறு ரயிலும் வந்தன. தேயிலை கம்பிவடத்தில் இறங்கி, வண்டியில் ரயிலடிக்குப் போய், தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. 1924 வெள்ளம் அந்த ரயிலை வாரிக்கொண்டு போய்விட்டது. அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த ரயிலின் மிச்சங்களைத் தேடிப் படம் எடுக்கிறவர்கள் இன்றும் வருகிறார்கள். கம்பிவடத்துக்கு முன்னால் அதே சுமையைத் தலையில் கொண்டுபோனவர்களின் மிச்சம் ஒன்றும் படம் எடுக்கக் கிடைக்காது.

இனி அரிசி. இந்த அத்தியாயத்தை எழுத நான் உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கேரளம் தனக்கு வேண்டிய நெல்லைத் தானே விளைவித்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பணப்பயிர் பெருகப் பெருக பர்மா அரிசிதான் சோறு போட்டது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது. திருவிதாங்கூரில், குறிப்பாகச் சேர்த்தலைப் பக்கம், மக்கள் பசியிலும் நோயிலும் செத்தார்கள். ‘உணவு விளைவிப்போம்’ என்று அரசே காட்டைத் திறந்துவிட, பாலா, கோட்டயம் பக்கத்துக் குடும்பங்கள் இடுக்கி மலை ஏறிக் குடியேறின. மரவள்ளிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளின. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அந்தப் போராட்டத்தை ஐந்தாம் அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். மலை உச்சியில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடுவே இருந்த கோடு இப்போது இரண்டு மாநிலங்களுக்கு நடுவேயான கோடு.

1957-ல் தென்மாநிலங்களை ஒரே அரிசி மண்டலமாக்கினார்கள். ஆந்திரத்திலிருந்தும் சென்னை மாநிலத்திலிருந்தும் அரிசி தடையில்லாமல் கேரளம் போனது. 1964-ல் தட்டுப்பாடு முற்றியதும் அந்த மண்டலம் உடைந்தது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி மண்டலம். அனுமதியில்லாமல் அரிசி எல்லை தாண்டக் கூடாது. கேரளத்தில் ரேஷன் வந்தது, அளவு போதவில்லை. தமிழ்நாட்டிலும் அரிசிக்கு ஆலாய்ப் பறந்த காலம் அது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதிக்கு 1967 தேர்தலில் அவ்வளவு மதிப்பு இருந்ததற்கு அதுதான் காரணம். ஆனாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் விலை இன்னும் அதிகம். அத்தியாவசியப் பொருள் சட்டத்தின்கீழ் சோதனைச் சாவடிகள் முளைத்தன. லாரிக்குச் சாவடி இருந்தது. ஒற்றையடிப் பாதைக்கு எத்தனை சாவடி போட முடியும்?

மேற்கே பாயும் பெரியாற்றை மலை உச்சியில் மறித்து, 1895 முதல் சுரங்கம் வழியே கிழக்கே திருப்பிவிட்டிருக்கிறோம். அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. மேற்கு மலையின் தண்ணீர் குழாயில் இறங்கி வருகிறது. அது விளைவித்த அரிசி பெண்களின் தலையில் ஏறி மேற்கே போனது. தண்ணீருக்கு ஒப்பந்தம் உண்டு, குத்தகைப் பணம் உண்டு, எஞ்சினீயர் பென்னிகுவிக்குச் சிலை உண்டு. அரிசி மட்டும் கள்ளத்தனமாகப் போயாக வேண்டும் என்று ஆக்கிவைத்திருந்தோம்.

எப்படிப் போனது? வியாபாரி அடிவாரத்துக் களத்திலோ வீட்டிலோ அரிசியைச் சேர்த்துவைப்பார். சுமப்பவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத கூலிக் குடும்பத்தவர்கள். நடவும் அறுப்பும் இல்லாத நாட்களில் வேறு பிழைப்பு இல்லாதவர்கள். பழஞ்சேலையைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, மூட்டையை ஒருவர் தூக்கிவிட, இருட்டோடு இருட்டாக வரிசையாக ஏறுவார்கள். முன்னால் ஒருவர் வெறுங்கையோடு போய் வழி பார்ப்பார். சாவடி ஆட்கள் தென்பட்டால் சைகை வரும்; மூட்டையைப் புதரில் தள்ளிவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். சரக்கு போனால் கூலியும் போச்சு; சில வியாபாரிகள் சரக்கின் விலையையும் சுமந்தவர் கணக்கில் எழுதினார்கள். மழைக்காலத்தில் பாறை பாசி பிடித்திருக்கும். யானை குறுக்கிட்டால் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுவதற்கும் இடம் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். மேலே போய்ச் சேர்ந்ததும் தோட்டத்துக் கடைக்காரரோ அவர் ஆளோ அளந்து வாங்கிக்கொள்வார். இறங்கும்போது வெறுந்தலையோடு வராமல் காப்பிக்கொட்டையோ மிளகோ கொண்டுவந்தவர்களும் உண்டு.

பாலக்காட்டுப் பக்கம் இதே அரிசி ரயில் ஏறியது. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஓடும் பாசஞ்சர் வண்டிகளில் சேலைக்கு உள்ளே இடுப்பைச் சுற்றித் துணிப்பைகளைக் கட்டிக்கொண்டு, இருக்கைக்கு அடியில் சிறு மூட்டைகளைத் தள்ளிவைத்துக்கொண்டு போன பெண்களைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. வாளையாற்றில் சோதனை என்றால் வண்டி மெதுவாகும்போதே குதிப்பார்கள். நாலைந்து படி அரிசிக்காக ஓடும் ரயிலிலிருந்து குதித்த பெண்களை நாம் ‘அரிசிக் கடத்தல்காரிகள்’ என்று செய்தித்தாளில் படித்தோம். அப்போதே யாராவது உட்கார்ந்து அவர்களிடம் பேசி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இந்தக் குறையை இப்போது முழுதாகத் தீர்க்க வழியில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

1977-ல் மண்டலத் தடைகள் நீங்கின. தலைச்சுமை அரிசிக்கு அவசியம் போய்விட்டது. இன்று எல்லை தாண்டுவது வேறு அரிசி. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கும் அரிசி, அந்தப் பக்கம் போய்த் தீட்டப்பட்டு விலைக்கு விற்கப்படுகிறது. குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை பிடிக்கிறது; பிடிபடும் வண்டிகளை ஓட்டுகிறவர்கள் முன்போலவே ஏழைகள்.

அரிசி ஏறுவது நின்றதும் ஆள் ஏறுவது பெருகியது. தேனி மாவட்டத்து ஊர்களில் இதை ‘மலைக்குப் போறது’ என்பார்கள். ஏலக்காட்டு வேலைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். மூன்றரை, நான்கு மணிக்கு எழுந்து சமைத்துத் தூக்குவாளியில் கட்டி, ஐந்து மணிக்கெல்லாம் ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கம்பம்மெட்டு, குமுளி வழிகளும் அதற்குச் சளைத்தவை அல்ல. ஜீப்பில் உட்காருகிறவர்களைவிட நின்றும் தொற்றியும் வருகிறவர்கள் அதிகம். ஓட்டுநருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு; ஆள் ஏற ஏற அவருக்கு லாபம், எஸ்டேட்டுக்கும் வண்டிச் செலவு மிச்சம். பனிமூட்டத்தில் வளைவில் எதிரே லாரி வந்தால் அந்தக் கணக்கின் விலை தெரியும். விபத்து நடந்தால் சில நாள் ஜீப்புகளைப் பிடித்து அபராதம் போடுவார்கள், பிறகு பழையபடி. அனுமதித்ததற்கு மேல் ஆளேற்றிய வண்டி என்றால் இழப்பீடு கேட்கும் வழக்கும் இழுபறியாகிறது.

அந்தப் பக்கம் போய்ச் செய்யும் வேலை லேசல்ல. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு படர்ந்திருக்கும். குனிந்தோ குத்தவைத்தோ, சரம் சரமாக விலக்கி, முற்றிய காயை மட்டும் எடுக்க வேண்டும். இளசு விழுந்தால் கங்காணி வைவார். மழையில் பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திக்கொண்டு எடுப்பார்கள். அட்டை ஏறும், தூரில் பாம்பு கிடக்கும். இந்தியாவில் பூச்சிமருந்து மிக அதிகமாகத் தெளிக்கப்படும் பயிர்களில் ஏலம் ஒன்று. அந்த நெடியிலேயே வேலை. 2019 ஆகஸ்டில் வண்டன்மேட்டுக்கு அருகே புத்தடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015-ல், மூணாறில் தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று தாங்களாகத் திரண்டு தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளிவைத்துப் போராடியதன் விளைவாகத் தோட்டக் கூலி உயர்ந்தது. அப்போது ஏலத் தோட்டத்துக்கு நிர்ணயித்த நாள் கூலி 330 ரூபாய்.

அந்தப் பக்கக் கூலி தமிழ்நாட்டுப் பக்கக் கூலியைவிட மேல் என்பதால்தான் ஜீப் நிறைகிறது. ஆனால் நாள்கூலிக்கு எல்லை தாண்டி வருகிறவருக்கு அந்த ரூபாயைத் தவிர எதுவும் இல்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் எல்லாம் சொன்னது. அது ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாத தோட்டங்களுக்குத்தான் பொருந்தியது. ஏலத் தோட்டங்களில் நிறைய அதைவிடச் சிறியவை. பெரியவற்றிலும் இன்று வந்து நாளை வேறு தோட்டம் போகிறவரின் பெயர் பதிவேட்டில் ஏறுவதே கடினம். தமிழ்நாட்டு அதிகாரியைக் கேட்டால் வேலை கேரளத்தில் என்பார். கேரள அதிகாரியைக் கேட்டால் ஆள் தமிழ்நாடு என்பார். சும்மாடு போய் ஜீப் வந்தாலும், எல்லையின் இரண்டு பக்கமும் கை கழுவும் வழக்கம் போகவில்லை.

இந்த மலையில் எல்லையை மதிக்காமல் போய்வந்த ஒரு பிரமுகரையும் சொல்ல வேண்டும். சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளையும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களையும் உடைத்து அரிசி தின்றதால் அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானை. 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதக் கடைசியில் அது மலை இறங்கிக் கம்பம் நகரத் தெருவில் நடந்தது. ஜூனில் தமிழ்நாடு பிடித்து முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. ஒரு யானைக்காக இரண்டு மாநிலத்திலும் வழக்கு நடந்தது, இரண்டு வனத்துறையும் பேசின. தினமும் கடக்கும் பெண்களுக்காகவும் இந்த இரண்டு அரசுகளும் அப்படி உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

எல்லை மூடினால் என்ன ஆகும் என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டோம்.

2011 டிசம்பர். முல்லைப் பெரியாறு அணை பற்றிய அச்சமும் அரசியலும் சேர்ந்து குமுளி எல்லையில் மோதலாக வெடித்தது. இடுக்கித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. சாலை அடைபட்டது. ஏலம் காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதம் அது. வேலைக்குப் போயிருந்தவர்கள் கைக்குழந்தைகளோடு, தட்டுமுட்டுச் சாமானோடு, பாட்டி அரிசி சுமந்த அதே ஒற்றையடிப் பாதைகளில் காட்டுக்குள் இறங்கித் தேனிக்கு வந்து சேர்ந்தார்கள். காய் சரத்திலேயே பழுத்து வீணானது. கூலி வாங்காமல் ஓடிவந்தவர்கள் பிறகு அதைக் கேட்க எங்கே போவார்கள்?

அதே மாதம் 28-ஆம் தேதி, உலகத்தின் வேறொரு மலையில், துருக்கி – இராக் எல்லையில் ரொபொஸ்கி என்ற குர்து கிராமத்துக்காரர்கள் கோவேறு கழுதைகளில் டீசலும் சிகரெட்டும் ஏற்றி வந்துகொண்டிருந்தார்கள். துருக்கி விமானங்கள் குண்டு போட்டன. 34 பேர் இறந்தார்கள். பலர் பதின்வயதுப் பையன்கள். குர்துகளின் நாட்டை 1639-ல் துருக்கி சுல்தானும் பாரசீக ஷாவும் செய்த உடன்படிக்கை முதலில் பிளந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அது இன்னும் துண்டானது. தொழிற்சாலை வராத, அரசு கண்டுகொள்ளாத அந்த எல்லை ஊர்களில், குறிப்பாக ஈரானின் மரிவான், பானே, சர்தஷ்த் பகுதிகளில், இராக்கிலிருந்து துணியும் டயரும் தொலைக்காட்சிப் பெட்டியும் முதுகில் கட்டிக்கொண்டு பனிமலை தாண்டுவதே பிழைப்பு. கோல்பர்கள் என்பது அவர்களுக்குப் பெயர். எல்லைக் காவலர்கள் சுடுகிறார்கள், கண்ணிவெடி கிடக்கிறது. 2019 டிசம்பரில் மரிவான் அருகே 14 வயதும் 17 வயதுமான அண்ணன் தம்பி பனியில் உறைந்து இறந்தார்கள். நம் மெட்டுகளில் யாரும் துப்பாக்கியோடு குறிபார்த்து நிற்கவில்லை. அந்த வேறுபாடு மிகப் பெரியது, அதை மறைத்து எழுதக் கூடாது. ஆனால் அந்தச் சுமையை வாங்கும் நகரத்து வியாபாரி பிடிபடுவதில்லை, சுமப்பவரே சாகிறார் என்பதைப் படித்தபோது கம்பம் பள்ளத்தாக்கின் அரிசிக் காலம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இரண்டாம் முறை, 2020 மார்ச். 23-ஆம் தேதி கேரளம் முழு அடைப்பை அறிவித்தது. 24-ஆம் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடை. அன்றிரவே நாடு முழுக்க ஊரடங்கு. ஜீப் இல்லை, பஸ் இல்லை, சாவடியில் விடமாட்டார்கள். தோட்டங்களில் இருந்தவர்கள் ஊர் திரும்பியாக வேண்டும். போடி அருகே ராசிங்கபுரத்தைச் சேர்ந்த ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் சிலர் குழந்தைகளோடு காட்டு வழியில் நடந்தார்கள். மார்ச் மாதத்தில் அந்தச் சரிவின் போதைப்புல் சருகாகக் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் பக்கத்துக் குரங்கணி மலையில் மலையேற்றம் வந்தவர்களைத் தீ சூழ்ந்த செய்தி நாடு முழுக்கத் தெரியும். ராசிங்கபுரத்தார் இறங்கும்போதும் காட்டில் தீ எரிந்துகொண்டிருந்தது. தப்ப வழியில்லாமல் சிக்கினார்கள். ஒரு சிறு குழந்தை உட்பட உயிர்கள் போயின. மறுநாள் காலைச் செய்திகள் முழுக்க ஊரடங்குதான். ராசிங்கபுரம் உள்பக்கத்தில் ஒரு பத்தியாக வந்தது.

குரங்கணிக்கு விசாரணை அதிகாரி நியமிக்கப்பட்டார், அறிக்கை வந்தது, மலையேற்றத்துக்குப் புதிய விதிகள் வந்தன. வேலைக்குப் போய்த் திரும்பியவர்களை வாகனமில்லாமல் காட்டுவழியில் தள்ளிய முடிவை யாரும் அப்படி விசாரித்ததாகச் சொல்ல முடியாது. எல்லையை மூடுகிற உத்தரவில், தினமும் எல்லை தாண்டும் இத்தனை ஆயிரம் பேர் எப்படி வீடு சேர்வார்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் இவர்கள் போய்வருவது தெரியாத சங்கதி இல்லை.

பிறகு தோட்டங்கள் திறந்தன. இ-பாஸ், தனிமைப்படுத்தல் என்று விதிகள் வந்ததும், தினம் போய்வந்த பெண்கள் குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் மேலேயே தங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டது தனி அத்தியாயமாக வரும்.

இப்போது ஜீப்புகள் மறுபடியும் ஓடுகின்றன. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக உடும்பன்சோலைக்குச் சாலை வேண்டும் என்று சுற்று ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். போடியையோ கம்பத்தையோ சுற்றாமல் நேரே ஏறினால் பயணம் வெகுவாகக் குறையும். காட்டைக் காரணம் காட்டி அது நின்றுகொண்டே இருக்கிறது. காட்டைப் பற்றிய அக்கறை எனக்கும் உண்டு. யானை வழித்தடத்தை வெட்டிச் சாலை போடச் சொல்லமாட்டேன். அரசுப் பேருந்து விடச் சொல்லலாம். போடி, கம்பம், கூடலூரிலிருந்து தோட்டம் திறக்கும் நேரத்துக்கு இரண்டு மாநிலமும் சேர்ந்து தொழிலாளர் பேருந்து ஓட்டினால், 17 வளைவுகளிலும் ஜீப்பின் பின்கம்பியில் தொங்கிப் போகிறவர்கள் உட்கார்ந்து போவார்கள். இதற்கு வனத்துறை அனுமதி வேண்டாம், உச்ச நீதிமன்றம் வேண்டாம். இரண்டு போக்குவரத்துக் கழகங்கள் ஒரு கால அட்டவணையில் கையெழுத்துப் போட்டால் போதும்.

அடுத்த அத்தியாயத்தில்: 1887 முதல் 1895 வரை, கூடலூரிலிருந்து பெரியாறு அணைக்குச் சுண்ணாம்பு ஏற்றிய மாட்டு வண்டிகளும், அணைக்கரையில் காய்ச்சலிலும் காலராவிலும் இறந்தவர்களின் கல்லறைகளும்.